குறைமாதக் குழந்தை, அப்படித்தான் இருக்கும் என்றார்கள்

குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, உட்காரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று ராத்திரியில் தூக்கம் வராமல் போனைத் தேய்த்துக்கொண்டு இருக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். குடியாத்தத்தில் மாமியாரும் நானும் குழந்தையும்தான். யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம் அப்படியே போனது. கூடவே ஒரு லட்சத்துக்கு மேல் பணமும் போனது.

என் மகள் 32-வது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை ஒன்றரை கிலோகூட இல்லை. வேலூரில் ஒரு மருத்துவமனையில் இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். என் நகை முழுக்க அடகுக்குப் போனது. அதில் வருத்தமில்லை, பிள்ளை பிழைத்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது கண் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் சரியாக வளராமல் பார்வையே போய்விடக்கூடும். 34 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலோ எடை 2 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, பிறந்து 30 நாளைக்குள் அதைப் பார்த்துவிட வேண்டும். போனேன், கண் நன்றாக இருந்தது. காதும் பார்த்தார்கள், அதுவும் சரி. ஆனால் டிஸ்சார்ஜ் தாளின் கடைசியில், வளர்ச்சியைத் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. அதை யாரும் வாயால் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து வேறொரு டாக்டர் படித்துச் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். அந்தத் தாளை ஆங்கிலம் தெரிந்த யாரிடமாவது கொடுத்துக் கடைசி வரி வரை படித்துச் சொல்லக் கேளுங்கள். லேமினேட் செய்யாமல் நாலு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஆறு மாதம் தாண்டிய பிறகு எனக்கு உறுத்த ஆரம்பித்தது. இரண்டு கையும் எந்நேரமும் மூடியே இருக்கும், கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கும். அக்குளில் பிடித்துத் தூக்கினால் கால்கள் விறைத்து ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகும். துணி மாற்றத் தொடையை விரிப்பதே பெரும்பாடு. தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டரிடம் சொன்னேன். "குறைமாசக் குழந்தைம்மா, அப்படித்தான் இருக்கும். வயசைக் கழிச்சுப் பாருங்க" என்றார். அடுத்த முறை போனபோதும் அதே பதில். மாமியாரும் அதையே அவர் பாணியில் சொன்னார்: "இன்னாத்துக்கு இப்படி பயந்து சாவற? உன் வீட்டுக்காரனே ரெண்டு வயசுலதான் நடந்தான்."

வயதைக் கழிப்பது உண்மைதான், அதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 40 வாரத்தில் பிறக்க வேண்டிய குழந்தை 32-இல் பிறந்தால் 8 வாரம், அதாவது ஏறக்குறைய இரண்டு மாதம் முந்திவிட்டது. அதனால் அவளுக்கு 9 மாதம் ஆகும்போது 7 மாதக் குழந்தை செய்வதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பார்ப்பார்கள். ஆனால் கழிப்பது இரண்டு மாதம்தான். என் மகளுக்கு 11 மாதம் ஆனபோதும் பிடிக்காமல் உட்கார வரவில்லை. கழித்தாலும் 9 மாதம். 9 மாதத்தில் தானாக உட்காரவில்லை என்றால் காட்டியே ஆக வேண்டும். இன்னொன்று, சில அறிகுறிகளுக்கு வயதுக் கணக்கே கிடையாது. கால் விறைப்பு, ஒரு வயதுக்குள்ளேயே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, சத்தத்துக்குத் திரும்பாதது, முன்பு செய்துகொண்டிருந்ததை விட்டுவிடுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டியதுதான். பேச்சு விஷயத்தில், ஒரு வயதில் மழலையோ கை காட்டுவதோ இல்லாமல் இருந்தால், 16 மாதத்தில் ஒரு வார்த்தையும் வராமல் இருந்தால், இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு வார்த்தை சேராமல் இருந்தால் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த தாய் சேய் அட்டையிலேயே எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று படத்தோடு போட்டிருக்கிறது. தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கிறோம்.

பணம் போன கதைக்கு வருகிறேன். முதலில் நரம்பு வைத்தியர் ஒருவர். எண்ணெய் போட்டுக் காலை இழுத்து விடுவார். குழந்தை வீறிட்டு அழும், நான் திண்ணையில் உட்கார்ந்து அழுவேன். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் தப்பே இல்லை, இன்றைக்கும் செய்கிறேன். விறைத்த காலைப் பலமாக இழுப்பதுதான் ஆபத்து. விறைப்பு இன்னும் அதிகமாகும், எலும்பு மெலிந்த குழந்தைக்கு முறிவுகூட ஏற்படலாம். அப்புறம் ஒரு கிளினிக்கில் மூளை வளர்ச்சிக்கு என்று ஊசியும் சிரப்பும். எந்தப் பரிசோதனையும் செய்யாமலே மாதம் மூவாயிரத்துக்கு மேல் வாங்கினார்கள். அதற்கும் கால் மடங்குவதற்கும் சம்பந்தமே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.

பெரிய தொகை போனது ஒரு தெரபி சென்டரில். மூன்று மாத பேக்கேஜ், 54,000 ரூபாய், முன்பணம், திருப்பித் தர மாட்டோம் என்று ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவார்கள். 40 நிமிடம் கழித்து அழுது களைத்துப்போன பிள்ளையை வெளியே கொண்டு வருவார்கள். உள்ளே என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "அதெல்லாம் டெக்னிக்கல் மேடம்" என்பார்கள். மேடம் என்று கூப்பிட்ட ஒரே இடம் அதுதான், அதற்கும் சேர்த்துக் கொடுத்த பணம் போல. மூன்று மாதம் முடிந்தும் வீட்டில் செய்ய ஒரு பயிற்சிகூட எனக்குச் சொல்லித் தரவில்லை.

தனியார் சென்டருக்குப் போக வேண்டியிருந்தால் போங்கள், நல்லவர்களும் இருக்கிறார்கள். போவதற்கு முன் கேட்டுவிடுங்கள்: நான் உள்ளே உட்காரலாமா? இந்த மாதம் எதைக் குறிவைத்துச் செய்கிறீர்கள்? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? முதல் கேள்விக்கே மழுப்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் போன்றவர்கள் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிந்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் வெட்கமில்லை. எத்தனையோ இடங்களில் பட்டப்படிப்பு முடித்தவர் பெயர் போர்டில் இருக்கும், உள்ளே குழந்தையைத் தொடுவது வேறு யாரோ. மாதக் கணக்கில் முன்பணம் எங்கேயும் கட்டாதீர்கள், வந்த நாளுக்கு மட்டும் கொடுங்கள்.

வழி எங்கே திறந்தது என்றால், தெருக்கோடி அங்கன்வாடியில். சத்துமாவு வாங்கப் போனபோது பள்ளி சிறார் பரிசோதனைக் குழுவின் வண்டி நின்றிருந்தது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் வருகிறவர்கள் அவர்கள். அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை வர வேண்டும். பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அந்த டாக்டர் குழந்தையின் காலை ஒரு தரம் மடக்கிப் பார்த்தார், உடனே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் (ஆங்கிலத்தில் DEIC, வளர்ச்சி தாமதமான குழந்தைகளைப் பார்க்கும் இடம்) போகச் சொன்னார். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனைக்கும் அடுக்கம்பாறை வழியாக எத்தனையோ முறை திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்தக் குழு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கிராம சுகாதார நர்ஸிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டாலும் அனுப்புவார்கள், நேராகப் போனாலும் பார்ப்பார்கள். குழந்தை மருத்துவர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, மனநல ஆலோசகர், சிறப்புக் கல்வியாளர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த மையங்களின் ஏற்பாடு. கட்டணம் கிடையாது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது. வேலூரிலிருந்து போகிற சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. குடியாத்தத்திலிருந்து வேலூர் வருகிற புறநகர் பஸ்ஸில் உண்டு. வாரா வாரம் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிசு.

அங்கே முதல் நாள் நான் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு என்ன பேரு?" பெயர் தெரிந்தால்தான் வைத்தியம் ஆரம்பிக்கும் என்று அத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெயரைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்கு நாள் ஆகும் என்று டாக்டர் விளக்கினார். ஆனால் பிசியோ அம்மா அன்றைக்கே என்னைத் தரையில் பாய் போட்டு உட்கார வைத்துவிட்டார். "பேர் வர்றப்ப வரட்டும். உட்கார வரலைன்னு தெரியுதில்ல, அதுக்கு வேலையை இன்னைக்கே ஆரம்பிப்போம்" என்றார். என் கையைக் குழந்தையின் இடுப்பில் வைத்து, எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அவர் கையால் என் கையைப் பிடித்துக் காட்டினார். அந்த அரை மணி நேரத்தில் கற்றது, 54,000 கொடுத்து மூன்று மாதத்தில் கிடைக்காதது. பஸ்ஸில் வரும்போது சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

ஸ்கேன் பிறகு எடுத்தோம். பெருமூளை வாதம், அதாவது செரிப்ரல் பால்சி, இரண்டு காலிலும் அதிகம், கையில் லேசாக என்றார்கள். செரிப்ரல் பால்சி என்றால் எல்லாக் குழந்தைகளும் படுத்த படுக்கை என்று நினைத்திருந்தேன், அப்படிக் கிடையாது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அதற்கு மேல் பரவாது. ஆனால் தசைகளைக் கவனிக்காமல் விட்டால் அவை குறுகிக்கொண்டே போகும், இடுப்பு மூட்டுகூட விலகலாம். அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு இடைவெளி விட்டு இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் டாக்டர் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். முதல் இரண்டு மூன்று வயதுக்குள் மூளை வேகமாகப் புது வழிகளைப் பழகிக்கொள்ளும், அதனால்தான் சீக்கிரம் சீக்கிரம் என்கிறார்கள்.

வீட்டுப் பயிற்சி என்றால் என்ன என்று விளக்கமாகச் சொல்கிறேன், பலருக்கும் இதில்தான் குழப்பம். தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி 'எக்சர்சைஸ்' செய்தால் குழந்தையும் ஒத்துழைக்காது, நமக்கும் முடியாது. துணி மாற்றும்போதெல்லாம் தொடையை மெதுவாக விரித்துக் கொஞ்ச நேரம் பிடிப்பது, தூக்கும்போது நேராக அக்குளில் தூக்காமல் காலை மடக்கி என் இடுப்பில் இரு பக்கமும் கால் போட்டு உட்கார வைப்பது, இவையெல்லாம் பயிற்சிதான். சாப்பாடு ஊட்டும்போது பலகையில் உட்கார வைப்பேன், பாதம் முழுசாகத் தரையில் படும் உயரத்தில். ஆரம்பத்தில் பின்னால் நான் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். எங்கள் ஊரில் தீப்பெட்டிக்கா பஞ்சம்? காலிப் பெட்டிகளைச் சுற்றிலும் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போடச் சொல்வேன். ஒரு பக்கம் சாய்ந்து எடுத்தால் உடம்பு திரும்பப் பழகும், மூடிய கையும் திறக்கும். எடுக்கிற பெட்டிக்கெல்லாம் "ஒண்ணு, ரெண்டு" என்று சொன்னதில் பேச்சும் கொஞ்சம் வந்தது. கொஞ்சம் வளர்ந்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்து நிற்பது, என் மடியிலிருந்து எழுந்து நிற்பது. பக்கத்து வீட்டு பாயம்மா மூன்று சக்கர மர நடைவண்டி கொடுத்தார்கள், தள்ளிக்கொண்டு நடப்பது. அதைப் பிசியோவிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்தினேன். உள்ளே உட்கார வைத்து உருளும் பிளாஸ்டிக் வாக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றார். அதில் குழந்தை நுனிக்காலில் தள்ளித் தள்ளிப் போகும், விறைப்புள்ள காலுக்கு அது நேர் எதிரி. சொந்தக்காரர் பிறந்தநாளுக்குக் கொண்டுவந்ததைப் பரண் மேல் போட்டேன். அவர் முகம் சுருங்கியது, பரவாயில்லை.

இதெல்லாம் மகிழ்ச்சியாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், அதை விட்டேன். மாதச் சம்பளம் நின்றது. தெருவில் மற்றப் பிள்ளைகள் ஓடும்போது எரிச்சலாக வரும், அவர்கள் அம்மாக்களிடம் பேசப் பிடிக்காது. காதுகுத்து, கல்யாணம் என்று எங்கே போனாலும் "இன்னும் நடக்கலையா?" போகிறதையே நிறுத்திவிட்டேன். மையத்தின் வராந்தாவில் மற்ற அம்மாக்களோடு பேச ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. எந்த டாக்டர் பொறுமையாகப் பேசுவார், எந்த நாளில் கூட்டம் குறைவு, ஸ்பிளிண்ட் (கால் வளையாமல் தாங்க மாட்டும் கருவி) எங்கே நன்றாகச் செய்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். மாமியாரையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். பிசியோ அம்மா அவரையே பிடித்துப் பயிற்சி செய்ய வைத்தார். அன்றிலிருந்து பலகையில் உட்கார வைக்கிற வேலை மாமியாருடையது. நான் நூறு முறை சொல்லி நடக்காதது அது.

அந்த வராந்தாவில் கேட்டதில் இரண்டு விஷயம் எல்லாருக்கும் பயன்படும். பேர்ணாம்பட்டுப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குப் பேச்சு வரவில்லை, "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று விட்டிருந்தார்கள். பேரா டெஸ்ட் (BERA, காதிலிருந்து மூளைக்குச் சத்தம் போகிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தபோது காது கேட்கவில்லை என்று தெரிந்தது. கதவு தட்டினால் திரும்புகிறானே என்று நம்பியிருந்தார்கள். பேச்சு தாமதம் என்றால் முதலில் காதைத்தான் பார்க்க வேண்டும். பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் காது கேட்கும் கருவி, இதுதான் கணக்கு. காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவைச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது, ஆறு வயதுக்குள் செய்ய வேண்டும். இன்னொரு அம்மாவின் பையனுக்கு ஆட்டிசம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்தின் நம்பிக்கை நிலையத்தில் குழந்தையோடு சேர்ந்து பெற்றோருக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவும் இருக்கிறது.

நடுவில் ஸ்டெம் செல் (உடம்பின் மூல அணுக்களை ஊசியாகப் போடும் வைத்தியம்) ஆசையும் வந்தது. வெளியூர் கிளினிக் ஒன்றிலிருந்து போன் மேல் போன். லட்சக்கணக்கில் கேட்டார்கள், "ஆறே மாதத்தில் நடப்பாள்" என்றார்கள். வீட்டுக்காரர் வீட்டு மனையை விற்கலாம் என்ற அளவுக்குப் போனார். மைய டாக்டர் தெளிவாகச் சொல்லித் தடுத்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி ஸ்டெம் செல் சில ரத்த நோய்களுக்குத்தான் ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றதெல்லாம் ஆராய்ச்சி, ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் வாங்கவே கூடாது. பணம் கேட்டாலே தெரிந்துகொள்ளுங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளி சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் வாங்கிவிடுங்கள், சின்னக் குழந்தைக்கு எதற்கு முத்திரை என்று சொந்தக்காரர்கள் தடுப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருகிறார்கள், முன்னேறினால் மாறும். அது இருந்தால்தான் நிராமயா என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடம் 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கும் மாநில அரசு மாதம் 2000 ரூபாய் தருகிறது. என் மகளின் பாதிப்புச் சதவீதம் அதற்கு எட்டவில்லை. 2019-இல் மாவட்டம் பிரிந்ததால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இந்தச் சான்றிதழ் வேலைக்கு திருப்பத்தூர், ஆற்காடு, வாலாஜாகாரர்களுக்கு ராணிப்பேட்டை. ஆதாரில் எந்த ஊர் முகவரி இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம். ஒன்றியத்தில் இருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலும் கேளுங்கள், பள்ளி வயது வராத குழந்தைகளையும் பதிந்து பிசியோ கொடுக்கிறார்கள். தூரம் போக முடியாத வாரத்தில் எனக்கு அதுதான் கை கொடுத்தது.

இப்போது அவளுக்கு நாலு வயது. ஸ்பிளிண்ட் போட்டுக்கொண்டு சுவர் பிடிக்காமல் வீட்டுக்குள் நடக்கிறாள். தெருவில் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாய் ஓயாது. ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும், சில இடங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள், வகுப்பு மட்டும் மாடியில் இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் முதலில் கழிப்பறையைக் காட்டச் சொல்கிறேன்: படி எத்தனை, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, கூட யார் வருவார்கள் என்று. அதற்கு முன்னால் ஸ்பிளிண்டை மாற்ற வேண்டும், கால் வளர்ந்துவிட்டது. கழற்றி அரை மணி நேரம் ஆகியும் தோலில் சிவப்பு மறையவில்லை என்றால் அளவு சின்னதாகிவிட்டது என்று அர்த்தம். தினமும் ராத்திரி கழற்றும்போது குதிகாலையும் கணுக்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள், பிள்ளை வலிக்கிறது என்று சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.